சுருங்கியதும் குன்றியதும்

குமணன்சாவடியிலும் கரையான்சாவடியிலும் காட்டுப்பாக்கத்திலும் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,



உங்களில் சிலரை முகம் தெரியும். காலையில் பால் வாங்கப் போகும்போது மெட்ரோ தூண் ஓரத்து டீக்கடையில் வினா வங்கியை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் கேட்க ஒருவர் சொல்வீர்கள். போன வாரம் ஒரு கேள்வி காதில் விழுந்தது. "நூலுக்கு அழகு எத்தனை?" "பத்து." "முதல் அழகு?" "சுருங்கச் சொல்லல்." "குற்றம்?" "அதுவும் பத்து." "முதல் குற்றம்?" பதில் சொன்ன பெண் கொஞ்சம் யோசித்து, "குன்றக் கூறல்" என்றாள். சரியான விடை. நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். நான் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

சுருக்கிச் சொல்வது முதல் அழகு. குறைத்துச் சொல்வது முதல் குற்றம். இரண்டையும் ஒரே ஆசிரியர் அடுத்தடுத்த நூற்பாக்களில் வைத்திருக்கிறார். தேர்வில் இவை இரண்டும் தலா ஒரு கேள்வி. வேலையில் சேர்ந்தபின் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முப்பது வருடம் உட்காரப் போகிறீர்கள். அதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

நான் சுருக்கெழுத்துத் தட்டச்சராக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவள். குரூப் 4 அறிவிக்கையில் இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று வரும் வரிசையில் என் பதவியும் இருக்கும். ஒரு மனிதர் பேசப் பேச அதைக் கீற்றுகளாகச் சுருக்குவதும், பிறகு அந்தக் கீற்றுகளை விரித்துக் கடிதமாக்குவதும்தான் என் பிழைப்பு. அதனால் இந்தச் சொல்லோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம் அதிகம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சுருள், சுருட்டு, சுருணை, சுருங்கு, சுருக்கு எல்லாம் ஒரு குடும்பம். பரந்து கிடப்பது தன்மேல் தானே மடிந்து சிறிய இடத்துக்குள் வருவது அந்தக் குடும்பத்தின் குணம். (நம் சுருட்டுதான் ஆங்கிலத்துக்குப் போய்ச் 'செரூட்' ஆனது.) தோல் சுருங்கினால் சுருக்கம். கயிற்றில் ஓடும் முடிச்சுப் போட்டு இழுத்தால் சுருக்கு. நம் பக்கத்தில் ஒருவரை விரைவாக வரச் சொல்லும்போது "சுருக்கா வா" என்கிறோம். தூரம் குறையவில்லை, எடுக்கும் நேரம்தான் மடிகிறது. இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சுருக்குப்பை. உங்கள் பாட்டி இடுப்பில் செருகியிருப்பாரே, அதுதான். வெற்றிலை, பாக்கு, சில்லறை, எப்போதோ மடித்து வைத்த ஒரு சீட்டு, எல்லாம் உள்ளே இருக்கும். கயிற்றை இழுத்தால் வாய் மூடிப் பை கைக்குள் அடங்கிவிடும். உள்ளே இருந்தது ஒன்றும் வெளியே போகாது. வேண்டும்போது இரண்டு விரலை விட்டு அகட்டினால் மொத்தமும் திரும்பக் கிடைக்கும்.

குன்றுதல் வேறு சொல், வேறு செயல். குன்றினால் ஏதோ போய்விட்டது என்று பொருள். வளம் குன்றியது, உடல் குன்றியது, பார்வை குன்றியது என்கிறோம். அங்கே இழுக்கக் கயிறு இல்லை, போனது போனதுதான். வெளியிலிருந்து பார்த்தால் சுருங்கியதும் சின்னதாக இருக்கும், குன்றியதும் சின்னதாக இருக்கும். கையை விட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

நான் சொன்ன அந்த ஆசிரியர் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், சமணர். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் அதை எழுதினார். தொல்காப்பியம் எழுத்துக்கும் சொல்லுக்கும் 900-க்கும் மேற்பட்ட நூற்பாக்கள் செலவழித்த இடத்தில், அவர் எழுத்துக்கு 202, சொல்லுக்கு 205 என்று முடித்தார். பாயிரத்தின் 55-ஐயும் சேர்த்தால் 462. சுருக்கத்தைக் கையில் எடுத்து வேலை செய்தவர் அவர். அப்படிப்பட்டவர் குற்றங்களை வரிசைப்படுத்தும்போது ஒரு காரியம் செய்தார். தொல்காப்பிய மரபியலில் குற்றப் பட்டியல் 'கூறியது கூறல்' என்று தொடங்கும். குன்றக் கூறல் மூன்றாவதாக வரும். பவணந்தி அதைத் தூக்கி முதலில் வைத்தார். மிகைபடக் கூறலுக்கும் முன்னால். சுருக்குகிறவன் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஆபத்து எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். நீட்டிப் பேசுகிறவனுக்குக் கேட்பவர் முகமே சொல்லிவிடும், போதும் என்று. குறைத்துப் பேசுகிறவனுக்குச் சொல்ல ஆள் இருக்காது. கேட்டவர் புரியாமல் எழுந்து போயிருப்பார்.

அழகுகளில் சுருங்கச் சொல்லலை அடுத்து நிற்பது விளங்க வைத்தல். இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், சேர்த்தே படியுங்கள்.

இலக்கணத்தில் நீங்கள் படிக்கும் தொகைநிலைத் தொடர்களும் இதையேதான் செய்கின்றன. தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரை உடைய குடம். நடுவில் இருந்த 'ஐ' என்ற உருபும் 'உடைய' என்ற சொல்லும் தொக்கி நிற்கின்றன, அதாவது மறைந்து நிற்கின்றன. அழியவில்லை. ஊறுகாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கின்றன. ஜாடியைத் திறக்கும் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏன்? தமிழ் பேசுகிறவர் காதுக்குள் அந்த உருபும் அந்தக் காலமும் ஏற்கெனவே இருக்கின்றன. சொல்பவர் மறைக்கிறார், கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். தொகை என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை.

நான் சொல்ல வந்தது இதுதான். சுருக்கத்தின் பாதி எழுதுகிறவர் கையில் இருக்கிறது. மறுபாதி படிக்கிறவரிடம் இருக்க வேண்டும். இருந்தால் அது சுருக்கம். இல்லாவிட்டால் அதே சொற்கள், அதே நீளம், ஆனால் குன்றக் கூறல்.

குமணன்சாவடிச் சந்திப்பில் நின்று பாருங்கள். மேற்கே போனால் பூந்தமல்லி. தெற்கே மாங்காடு வழியாகப் போனால் குன்றத்தூர். இரண்டு ஊரிலும் இதற்கு ஒவ்வொரு பெரிய சாட்சி உண்டு.

பூந்தமல்லி என்பதே சுருங்கிய பெயர். பூவிருந்தவல்லிதான் நாக்கில் உருண்டு இப்படி ஆனது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல. மரூஉ என்று படித்திருப்பீர்கள். திருக்கச்சி நம்பி அந்த ஊர்க்காரர். காஞ்சிபுரத்தில் வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது வைணவ மரபு. இராமானுசருக்குச் சில ஐயங்கள். பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பியை வேண்டினார். நம்பி கொண்டுவந்த விடைக்கு 'ஆறு வார்த்தை' என்று பெயர். பரம்பொருள் யார், உயிரும் இறைவனும் ஒன்றா வேறா, வீடுபேற்றுக்கு வழி எது, சாகும் நேரத்தில் நினைத்தே ஆக வேண்டுமா, வீடு எப்போது, ஆசிரியராக யாரைக் கொள்வது, இவை அத்தனைக்கும் ஆறே வாக்கியங்களில் விடை. ஆறாவது, பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள் என்பது. இராமானுசர் புறப்பட்டுவிட்டார், மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்தார்.

அந்த ஆறு வாக்கியத்தை நீங்களோ நானோ வழியில் கேட்டிருந்தால் நமக்கு என்ன புரிந்திருக்கும்? ஏதோ தத்துவம் என்று நகர்ந்திருப்போம். இராமானுசருக்குப் போதுமாக இருந்ததற்குக் காரணம், அந்தக் கேள்விகள் அவருடையவை. விடைக்கு வேண்டிய மீதி அவர் நெஞ்சில் கிடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்பி மேல் தனி மரியாதை வரும். ஒரு சொல்லைக்கூடத் தன் சார்பில் சேர்க்காமல், ஒரு சொல்லையும் வழியில் தவறவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுருக்கெழுத்துக்காரிக்கு அதைவிடப் பெரிய முன்மாதிரி கிடையாது.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அருண்மொழித்தேவர் என்பது அவர் பெயர். சோழ அமைச்சராக இருந்தவர், அதாவது ஓலைகளும் ஆணைகளும் அறிந்த நிருவாகி. அவருக்கு முன்னால் சுந்தரர் திருவாரூரில் திருத்தொண்டத்தொகை பாடியிருந்தார். 11 பாடல்கள்தான். அதற்குள் தனியடியார் 63 பேர், தொகையடியார் 9 கூட்டம். கண்ணப்பருக்கு அதில் ஓர் அடைமொழியும் அவர் பெயரும்தான் கிடைத்தன. அம்பு இல்லை, காளத்தி இல்லை, கண்ணை இடந்து அப்பியது பற்றி ஒரு சொல் இல்லை. பெயருக்குள்ளேயே அந்தக் கண் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கதை தெரியும், அது போதும் என்று சுந்தரர் பாடினார். பிறகு நம்பியாண்டார் நம்பி அதைத் தொண்ணூறு பாடல் அளவுக்கு விரித்து அந்தாதியாக்கினார். சேக்கிழார் கையில் அது 4,200-க்கும் மேற்பட்ட பாடல்கள் ஆயிற்று. கண்ணப்பருக்கு மட்டுமே 180-க்கும் மேல். தொகை, வகை, விரி என்று இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்வார்கள்.

சேக்கிழார் நீட்டிவிட்டார் என்று யாரும் குறை சொன்னதில்லை. சுந்தரர் குறைத்துவிட்டார் என்றும் சொன்னதில்லை. இரண்டு நூலுக்கும் இடையில் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. புதிதாகக் கேட்கிறவர்களுக்குப் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். அமைச்சு வேலை பார்த்தவருக்கு அந்தத் தேவை கண்ணில் பட்டது என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கும்.

இதே விஷயம் வெளிநாட்டிலும் உண்டு. பழைய கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா இருந்த நாட்டுக்கு லாகோனியா என்று பெயர். அந்த மக்கள் பேச்சில் மிகச் சிக்கனமானவர்கள். அதனால் ஊர்ப்பெயரே குணப்பெயராகி, சுருக்கமாகப் பேசுவதை ஆங்கிலத்தில் 'லக்கானிக்' என்கிறார்கள். மாசிடோனிய அரசன் பிலிப்பு, "லாகோனியாவுக்குள் நான் நுழைந்தால் உங்களை அழிப்பேன்" என்ற பொருளில் மிரட்டி எழுதினானாம். அவர்கள் ஒரே ஒரு சொல்லை மறுமொழியாக அனுப்பியதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் 'இஃப்' என்று வரும் அந்தச் சொல்லைத் தமிழில் தனியாக எழுத முடியாது, பாருங்கள். நமக்கு அது வினையின் வாலில் ஒட்டும் 'ஆல்'. நாம் அனுப்புவதாக இருந்தால் "நுழைந்தால்" என்றுதான் அனுப்ப வேண்டும். பிலிப்புக்கு அது புரிந்தது, மீதி வாக்கியம் அவன் எழுதிய கடிதத்திலேயே இருந்ததால். ஆனால் அவர்கள் சொல் வீரத்திலிருந்து, கொஞ்சம் முறைப்பிலிருந்து பிறந்தது. நம் சொல் பாட்டி இடுப்பிலிருந்து வந்தது. நமக்கு நம்முடையது போதும்.

தந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 2013 ஜூலையோடு நாட்டில் அந்தச் சேவையே நின்றுவிட்டது. தந்தி என்றால் கம்பி, நரம்பு. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் "அம்மா சீரியஸ் உடனே புறப்படு" என்று வரும். என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி, உயிர் இருக்கிறதா, ஒன்றும் இருக்காது. எங்கள் தெருவில் தந்திக்காரர் சைக்கிள் நின்றாலே, உறையைப் பிரிக்கும் முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். நல்ல செய்தி வந்த தந்திக்கும் அழுதிருக்கிறார்கள். காசுக்காகக் குன்றிய சொல் வீட்டுக்குள் எப்படி நுழையும் என்பதை அந்த அழுகையில் கேட்டிருக்கிறேன்.

என் தொழிலுக்கு வருகிறேன். 1837-இல் ஐசக் பிட்மன் உருவாக்கிய முறையில், எழுத்தை விட்டுவிட்டு ஒலியை எழுதுவோம். மெய்யொலிக்கு ஒரு கீற்று. மெலிதாக இழுத்தால் ஓர் ஒலி, அழுத்தி இழுத்தால் இன்னோர் ஒலி. உயிரொலிகளுக்குப் புள்ளியும் சிறு கோடும் உண்டு; வேகம் கூடினால் அவற்றைப் போடவே நேரம் இருக்காது, விட்டுவிடுவோம். கோட்டுக்கு மேலா, கோட்டின் மீதா, கோட்டை வெட்டியா என்று கீற்று உட்காரும் இடத்தை வைத்து உயிரொலியை ஊகித்துக்கொள்வோம். அதனால் ஒரு விதி உண்டு: எடுத்த குறிப்பை அன்றே தட்டச்சு செய்துவிட வேண்டும். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் நான் போட்ட கீற்று எனக்கே பேசாது. குறிப்பேடு மாறவில்லை, அதிகாரி சொன்ன குரல் என் காதிலிருந்து போயிருக்கும்.

அலுவலக மொழியும் இப்படித்தான். ந.க. எண், பார்வை, புல எண், உட்பிரிவு, "ஆவன செய்க". உள்ளே இருக்கிறவர்களுக்கு இவை நல்ல சுருக்கங்கள். ஒரு கோப்பின் ஐந்து வருடக் கதையை ஒரு வரியில் அடக்கிவிடலாம். இதே சொற்கள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம்.

1990-களின் தொடக்கம். கணவரை இழந்த ஒரு பெண்மணி உதவித்தொகை கேட்டு மனு கொடுத்திருந்தார். அதற்குப் போன பதிலை நான்தான் குறிப்பெடுத்து, தட்டச்சு செய்தேன். "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது." அவ்வளவுதான். கோப்பின் குறிப்புப் பக்கத்தில் காரணம் தெளிவாக இருந்தது. இறப்புச் சான்றிதழில் அவர் கணவர் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. குடும்ப அட்டையில் யாரோ ஊர்ப்பெயரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டார்கள். இரண்டு தலைப்பெழுத்து, அதனால் இரண்டு ஆள் என்று ஆகிவிட்டது. தலைப்பெழுத்து என்பது ஒரு முழுப் பெயரை ஒற்றை எழுத்துக்குள் அடக்கும் சுருக்கு. அது எந்தப் பெயர் என்று தெரிந்தவர் ஊரில் நூறு பேர் இருந்திருப்பார்கள். காகிதத்தைப் பார்த்தவர் யாருக்கும் தெரியவில்லை.

அந்த அம்மா நான்கு முறை வந்து போனார். ஒவ்வொரு முறையும் "லெட்டர்ல போட்டிருக்குமே" என்ற பதில்தான். ஐந்தாவது முறை அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். மடித்து மடித்து நான்கு மடிப்பிலும் கிழிந்திருந்தது. சுருக்குப்பையிலிருந்துதான் எடுத்தார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"நிராகரிச்சிட்டாங்கன்னு போட்டிருக்கும்மா."

"அது தெரியும். நான் இப்ப என்னா பண்ணணும்?"

நான் தட்டச்சு செய்த கடிதத்தில் அதற்கு விடை இல்லை. எழுந்து போய்க் கோப்பைப் பார்த்து வந்து, எந்தச் சான்று வாங்க வேண்டும் என்று சொன்னேன். "இவ்ளோதானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. முதல் மனுவிலிருந்து அன்றைக்குப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. குறிப்பெடுத்த அன்றே எனக்குக் காரணம் தெரியும். "ஐயா, காரணத்தையும் ஒரு வரி சேர்க்கலாமா" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தவறு, அதை நான் யார் மேலும் ஏற்றப் போவதில்லை.

குரூப் 2 முதன்மைத் தேர்வில் உங்களுக்குச் 'சுருக்கி வரைதல்' இருக்கிறது. மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும் என்று சொற்களை எண்ணிக்கொண்டு பயிற்சி செய்வீர்கள். செய்யுங்கள். எண்ணி முடித்தபின் இன்னும் ஒன்று செய்து பாருங்கள். மூலப் பத்தியை மூடி வைத்துவிட்டு, அதைப் படிக்காத ஒருவரிடம், வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ, உங்கள் சுருக்கத்தைக் கொடுங்கள். அதை வைத்து அவரால் விஷயத்தைத் திரும்பச் சொல்ல முடிந்தால் உங்கள் கயிறு சரியாக இழுத்திருக்கிறது. "அப்போ யாரு?", "எதுக்கு?" என்று அவர் கேட்கும் கேள்விகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எங்கே குன்றினீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான திருத்தம் எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காது. அதே தாளில் 'சுருக்கக் குறிப்பிலிருந்து விரிவாக்கம்' என்று வேறொரு பகுதியும் இருக்கிறது. சுந்தரர் வேலையையும் சேக்கிழார் வேலையையும் ஒரே காலையில் கேட்கிறார்கள். கேள்வித்தாள் தயாரித்தவர்கள் அதை நினைத்து வைத்தார்களோ இல்லையோ, நீங்கள் நினைத்து எழுதுங்கள்.

அந்த அம்மாவுக்குப் போயிருக்க வேண்டிய கடிதத்தை ஓய்வு பெற்றபின் பல முறை எழுதிப் பார்த்திருக்கிறேன். சொற்களைக் கூட்டினேன், எடுத்தேன், மறுபடி கூட்டினேன். இப்போது என்னிடம் இருக்கும் வடிவம் இது. உங்களில் யாராவது அந்த மாதிரி ஒரு மேசையில் உட்கார்ந்தால், வேண்டிய இடத்தை மாற்றிக்கொண்டு பயன்படுத்தலாம்.

"அம்மா, தங்கள் மனு கிடைத்தது. தங்கள் கணவர் பெயருக்கு முன்னால் இறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும் குடும்ப அட்டையில் வேறு எழுத்தும் உள்ளன. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கி, இந்தக் கடிதத்தோடு எந்த வேலை நாளிலும் காலையில் கொண்டு வாருங்கள். புதிய மனு எழுத வேண்டியதில்லை."

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு சுருக்கெழுத்துத் தட்டச்சர்
குமணன்சாவடி